கொலரடி ஓரம்

"கொலரடி ஓரம் கொஞ்சம் கூராக் கிடக்கு, அக்கா. ஆனா தூரத்திலை நிண்டு பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது."

படத்தை நீட்டும்போதே கோகுலன் இதைச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான், ஏன் சொன்னோம் என்று நினைத்தான்.

மக்டலீன் அக்கா படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். பெருவிரலால் அதன்மேல் மெதுவாகத் தடவினார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லைத் தம்பி. எனக்குத் தெரியுது."

"தெரியுதோ?"

"கொலரடி ஓரம். கத்தியாலை அரிஞ்ச மாதிரி."

கோகுலனுக்கு வெட்கம் ஒரு பக்கம், வியப்பு மறுபக்கம். அடையாள அட்டைப் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி தயாளினி நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய பார்வையில் வியப்பு எதுவும் இல்லை.

"உங்களை ஆர் கேட்டது?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

அது கோகுலனின் சுபாவம். தன் வேலையில் உள்ள குறையை வாடிக்கையாளர் கண்டுபிடிக்க முதல் தானே சொல்லிவிடுவான். சண்டிலிப்பாயில் அவனுடைய தகப்பன் புகையிலை விற்கப் போனால் ஓட்டை விழுந்த இலையைக் கட்டின் மேலே வைத்துத்தான் விற்பார். குறையை ஒளிக்காதவனுக்குக் கடவுள் குறை வைக்கமாட்டார் என்பது அவருடைய கொள்கை. வாடிக்கையாளர்கள் வைப்பார்கள் என்பதை அவர் மகனுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கோகுலனின் ஸ்ரூடியோ குருநகருக்குப் போகும் வீதியில் இருந்தது. சாமிப் படத் தட்டில் பிள்ளையாரும் மாதாவும் ஒரே மின்குமிழின் கீழே இருந்தார்கள். திருமணம், முதல் நற்கருணை, பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு என்று எல்லாப் படமும் அங்கே எடுக்கப்படும். ஆனால் மக்டலீன் அக்கா கேட்டது போன்ற படத்தை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

"நாங்கள் மூண்டு பேர், தம்பி. நான், கனிசியஸ், றஜிந்தன். அம்மா செத்தபிறகு ரெண்டு பேரையும் வளத்தது நான். மூண்டு பேரும் ஒண்டா நிக்கிற படம் ஒண்டு எனக்கு வேணும். ஆனா அவங்கள் ரெண்டு பேரும் ஒண்டா நிக்கமாட்டாங்கள். கதைக்கிறேல்லை."

"என்ன பிரச்சினை?"

"கூடுதான்."

போன முறைக்கு முந்திய திருவிழாவில், புனிதரின் சிலையான சுருவம் வைத்த கூட்டைத் தோளில் காவும்போது, முன் வலப்பக்கத் தண்டு யாருக்கு என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் வாய்த்தர்க்கம் வந்தது. அந்தத் தண்டு அவர்களுடைய தகப்பன், அப்பு, காவியது. மூத்தவன் நான் என்றார் கனிசியஸ். அப்பு கடைசியாக என்னுடைய தோளில்தான் வைத்தார் என்றான் றஜிந்தன். வாதம் முடிவதற்குள் வேறு யாரோ தண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை. ஒரே துறையில் வள்ளம் கட்டுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

"திருவிழாவுக்கு முதல் அந்தப் படம் என்ரை விறாந்தைச் சுவரிலை இருக்கோணும்," என்றார் மக்டலீன் அக்கா. "மூண்டு பேரும் ஒண்டா நிக்கிற படம் சுவரிலை ஏறாட்டி, திருவிழா அண்டைக்கு என்ரை வீட்டிலை கூழ் காய்ச்சிறேல்லை எண்டு ரெண்டு பேருக்கும் சொல்லிப்போட்டன்."

குருநகரில் மக்டலீன் அக்காவின் கூழைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. நண்டும் இறாலும் திருக்கையும் போட்டு, பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மாவைப் பதமாகக் கரைத்து அவர் காய்ச்சும் கூழுக்காக, பேசாத இரண்டு தம்பிமாரும் போன திருவிழாவுக்குக்கூடத் தனித்தனி நேரத்தில் வந்து குடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கூழை நிறுத்துவது சின்னத் தண்டனை அல்ல.

"தனித்தனியாப் பிடிச்சு ஒண்டாக்கலாம் அக்கா," என்று கோகுலன் சொன்னான். "எங்கை வெட்டி எங்கை ஒட்டினது எண்டு ஆண்டவனுக்கு மட்டும்தான் தெரியும்."

"ஆண்டவன் எனக்கு ஒண்டும் ஒளிக்கிறேல்லை, தம்பி," என்றார் அவர்.

அன்றே அவரைப் படம் பிடித்தான். "இஞ்சை பாருங்கோ அக்கா" என்றதும் சட்டென்று அவன் பக்கம் திரும்பினார். ஃபிளாஷ் அடித்தபோது கண்ணைச் சிமிட்டவே இல்லை. இப்படி அசையாமல் இருக்கிற ஒருவரைத் தன் தொழிலில் பார்த்ததில்லை என்று கோகுலன் அன்று மாலை தயாளினியிடம் புகழ்ந்தான்.

பிறகு தம்பிமார் இருவரும் வேறு வேறு நாளில் வந்து நின்றுவிட்டுப் போனார்கள்; மூன்றையும் ஒட்டித்தான் அந்த முதல் படம். இப்போது அதே மனிசி, அந்தப் படத்தைத் திருப்பி அவனுடைய கையிலேயே வைத்துவிட்டார்.

"திருத்தித் தாரும். நான் வெள்ளிக்கிழமை வாறன்."

வெளியில் நின்ற ஓட்டோக்காரர் அருட்பிரகாசம் உள்ளே வந்தார். "படி, அக்கா" என்று முழங்கையைப் பிடித்து இறக்கினார். பாவம், முழங்கால் வருத்தம் போல என்று கோகுலன் நினைத்துக்கொண்டான்.

ஒரு படத்திலிருந்து ஆளை வெட்டி எடுத்தால் ஓரம் கூராக நிற்கும். அந்தக் கூரைக் கரைத்து, பின்னால் உள்ள நிறத்தோடு சேர விடுவதற்குக் கணினியில் ஓர் அளவு இருக்கிறது. ஃபெதர் என்பார்கள். உப்பைப் போலத்தான் அதுவும். அளவாக இட்டால் இட்டதே தெரியாது.

வெட்கப்பட்டவன் அளவாக இடமாட்டான். கோகுலன் ஃபெதரைக் கூட்டினான். கனிசியஸின் கொலரடி நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினான். கொலர் பஞ்சாகியது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கூட்டினான். பிறகு, சோதித்துப் பார்க்கக் கனிசியஸின் உருவத்தை மட்டும் தனியாக அச்சிட்டு, மை காயட்டும் என்று வீதிப் பக்கக் கண்ணாடியில் சாய்த்து வைத்துவிட்டு, வியாழன் இரவுச் சாப்பாட்டுக்குப் போனவன் அதை மறந்தே போனான்.

வெள்ளிக்கிழமை மக்டலீன் அக்கா வந்தார். கோகுலன் முழுப் படத்தையும் நீட்டினான்.

"கூர் எண்ட கதையே இல்லை, அக்கா. நல்லா மெதுவாக்கிப்போட்டன். ஆனா, கனிசியஸ் அண்ணையின்ரை ரெண்டு காதும் கொஞ்சம் கரைஞ்சு போச்சு. புகை மாதிரி. தூரத்திலை பாத்தா..."

தயாளினி எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, இதென்ன! அந்திரட்டிக் கார்ட் மாதிரியெல்லோ கிடக்கு!"

அவள் சொன்னது உண்மை. யாழ்ப்பாணத்தில் ஓரம் கரைந்து ஒளி வீசும் முகம் ஒரேயொரு காரியத்துக்குத்தான். செத்தவர்களின் அந்திரட்டி அழைப்பிலும் மதிலில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலியிலும்தான் மனிதர்கள் இப்படி மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

மக்டலீன் அக்கா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"உயிரோடை இருக்கிறவனைப் புகையாக்கிப்போட்டீரே, தம்பி! நான் உதைச் சுவரிலை மாட்டினா, பாக்கிறவை மெழுகுதிரி கொளுத்திப்போடுவினம்."

கோகுலனுக்கு வாய் திறக்க நேரம் கிடைக்கவில்லை. கனிசியஸ் கடைக்குள் நுழைந்தார். பெரிய உடம்பு, வெயிலில் கறுத்த முகம். அக்காவைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்திய குரலே வீதி வரைக்கும் கேட்டது.

"ஆரடா என்னைச் சாக்காட்டினது?"

"என்ன அண்ணை?"

"அந்தக் கண்ணாடியிலை என்ரை படத்தை ஆர் வைச்சது? மீன் வாங்கப் போன சனம் கண்டுபோட்டுச் சந்தை முழுக்கச் சொல்லிப்போட்டுது. விடிஞ்சு எழும்பிப் பாக்கிறன், என்ரை வாசலிலை சனம். ஒரு மனிசி என்னைக் கட்டிப்பிடிச்சு, 'கனிசியஸ் நல்ல மனிசனெல்லோ' எண்டு எனக்கே சொல்லி அழுதுது. கதிரை அடுக்க ஆக்களும் வந்திட்டினம்!"

தயாளினி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கனிசியஸ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேறு குரலில் சொன்னார்:

"உவனும் ஓடி வந்தவன்."

"ஆர்?" என்றார் மக்டலீன் அக்கா.

"உவன்தான். றஜிந்தன். செருப்பும் இல்லாமல் ஓடி வந்தவன். நான் கதிரையிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறதைப் பாத்தவன். ஒண்டும் கதைக்கேல்லை. அப்பிடியே திரும்பிப் போட்டான்." கனிசியஸ் தலையைச் சொறிந்தார். "உவன் ஏன் ஓடி வந்தவன்?"

மக்டலீன் அக்கா படத்தை மட்டும் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்று அவர் கோகுலனைக் கேட்டார், "உந்தக் காது ஏன் கரையுது?"

ஒளிக்காதவனுக்கு அதுவே போதும். கோகுலன் எல்லாவற்றையும் சொன்னான். கனிசியஸைப் பிடித்த அன்று பின்னால் நீலத் திரை, றஜிந்தனைப் பிடித்த அன்று வெள்ளைத் திரை; நீலம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது; அதை மறைக்கப் போனால் காதும் சேர்ந்து போகிறது.

"அப்ப ரெண்டு பேரையும் ஒரே திரைக்கு முன்னாலை மறுபடி பிடியும்," என்றார் அக்கா. "இவன் இப்ப இஞ்சைதானே நிக்கிறான். மற்றவன் பின்னேரம் வருவான்."

"திரும்பவுமோ?" என்றார் கனிசியஸ்.

"கூழ் வேணாமோ?"

கனிசியஸ் திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"நான் வலப்பக்கம் நிக்கிற மாதிரித்தான் பிடிக்கோணும், தம்பி. அதை இப்பவே சொல்லிப்போட்டன்."

பின்னேரம் றஜிந்தன் வந்தான். அண்ணனைவிடப் பத்து வயது இளையவன், அண்ணனைவிட இரண்டு மடங்கு பருமன். வலக் கன்னத்தில் தூண்டில் கிழித்த தழும்பு ஒன்று இருந்தது. அவனும் முதலில் அதையே சொன்னான்.

"நான் வலப்பக்கம். இல்லாட்டிப் படமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

"கூழ்?" என்று தயாளினி கேட்டாள்.

"கூழ் வேணும். ஆனா வலப்பக்கம்."

இருவரும் தத்தம் படத்தில் வலப்பக்கமாகவே சாய்ந்து நின்றார்கள். இரண்டு வலப்பக்கங்களை ஒரே படத்தில் வைக்க முடியாது. கோகுலன் யோசித்து, றஜிந்தனைக் கண்ணாடியில் தெரிவதைப் போல மறுபக்கம் திருப்பிவிட்டான். ஓரம் அருமையாகச் சேர்ந்தது. ஃபெதர் அளவாக இருந்தது. காது நான்கும் இருந்தன. இதைவிட யாராலும் செய்ய முடியாது என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான்.

அடுத்த முறை மக்டலீன் அக்கா வந்தபோது படத்தைக் கொடுத்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டான். தயாளினி அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மக்டலீன் அக்கா படத்தைத் தடவினார். காத்திருந்தார். சுவர் மணிக்கூடு மட்டும் சத்தம் போட்டது. அவர் இன்னும் காத்திருந்தார்.

"தம்பி, நீர் ஏதோ சொல்ல நினைக்கிறீர் போல," என்றார் கடைசியில், மிகவும் அன்பாக.

சத்தியம் அங்கேயே உடைந்தது.

"றஜிந்தனை மறுபக்கம் திருப்பிப்போட்டன், அக்கா. சேட்டுப்பை வலப்பக்கம் போட்டுது. தழும்பும் இடக் கன்னத்துக்கு வந்திட்டுது. ஆர் அதைக் கவனிக்கப்போகினம் எண்டு..."

"அந்தத் தழும்புக்கு மஞ்சள் வைச்சுக் கட்டினது நான், தம்பி. எந்தக் கன்னத்திலை எண்டு எனக்குத் தெரியாதோ?"

தயாளினி கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் நிறைய அர்த்தம் இருந்தது.

"அக்கா போனபிறகு சொல்லியிருக்கலாமெல்லோ," என்றாள், அக்காவின் ஓட்டோ புறப்பட்டதும்.

"தயா, அந்த மனிசியின்ரை கண்ணுக்கு ஒண்டும் தப்பாது. நான் சொல்லாட்டியும் அவ பிடிச்சிருப்பா."

"நீங்கள் ஒருக்காச் சொல்லாமல் இருந்து பாருங்கோவன்."

அதை மட்டும் கோகுலனால் செய்ய முடியவில்லை. அன்றிரவு வீட்டில் தேவாரம் படிக்கும்போதுகூட, தழும்பை மறைக்க நினைத்தோமே என்று அவனுக்கு மனம் உறுத்தியது.

திருவிழாக் கொடி ஏறிவிட்டது. வீதியெல்லாம் நிறக் கடதாசி கட்டத் தொடங்கினார்கள். கோகுலன் புதிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள ஓரம்தானே பிரச்சினை? ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டால் அந்த ஓரம் கைக்குள் மறைந்துவிடும்.

கனிசியஸுக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, இன்னும் ஒருக்கா வரோணும். அக்காவுக்கு ஓரம் பிடிக்கேல்லை."

"அக்காவோ சொன்னவ?"

"ஓம்."

"படத்தின்ரை ஓரத்தையோ?"

"ஓம் அண்ணை."

நீண்ட மௌனம். கோபப்பட்டுவிட்டார் என்று கோகுலன் பயந்தான். ஏதோ தொண்டை கனைக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா சொன்னா அப்பிடித்தான் இருக்கும்," என்றார் கனிசியஸ். "வாறன்."

வந்தவருக்கு முன்னால் கோகுலன் விளக்குத் தாங்கி ஒன்றை நிறுத்தினான். அதன் உச்சியில் ஒரு தொப்பியைக் கவிழ்த்தான்.

"இதின்ரை தோளிலை கையைப் போடுங்கோ, அண்ணை."

"இதார்?"

"இது உங்கடை தம்பி. பாவனைக்கு."

கனிசியஸ் தாங்கியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"என்ரை தம்பியிலும் பாக்க உது மரியாதை. வாய் காட்டாது." கையைப் போட்டார். சற்று நேரம் அப்படியே நின்றவர், "உவன் இவ்வளவு மெலிவில்லைத் தம்பி," என்றார். "சின்னனிலை மெலிவுதான். வள்ளத்துக்குள்ளை சுருண்டு படுத்தா, வலை எண்டு நினைச்சு மிதிச்சுப்போடுவன்."

றஜிந்தன் மறுநாள் வந்தான். அவனுக்கும் அதே தாங்கி.

"இதுதான் அண்ணையோ?" என்றான். "ஓம், சரிதான். அவரும் இப்பிடித்தான் விறைச்சுக்கொண்டு நிப்பார்."

கையைப் போட்டான். போட்ட கையை உடனே எடுக்கவில்லை. படம் பிடித்து முடிந்த பிறகும் தாங்கி அவனுடைய அணைப்பிலேயே இருந்தது.

"அண்டைக்கு அவர் செத்துப்போனார் எண்டு..." என்று தொடங்கினான். பிறகு, "காலிலை சிப்பி வெட்டிப்போட்டுது," என்று முடித்துவிட்டுப் போனான்.

கணினியில் இருவரையும் சேர்த்தபோதுதான் கோகுலனுக்குத் தன் பிழை புரிந்தது. கனிசியஸ் அணைத்தது ஒல்லியான தாங்கியை. அந்தக் கை றஜிந்தனின் பருத்த தோளைச் சுற்றவில்லை. நேரே நெஞ்சுக்குள் போய்விட்டது. ஃபெதரைக் கூட்டினான். கை மணிக்கட்டோடு கரைந்தது. குறைத்தான். விரல்கள் சேட்டுக்குள்ளிருந்து முளைத்தன. தடவித் திருத்தினான். எண்ணிப் பார்த்தபோது ஆறு விரல்கள் இருந்தன.

அவன் அந்தப் படத்தை அச்சிடவே இல்லை. மக்டலீன் அக்கா வந்தபோது வெறுங்கையோடு எழுந்து நின்றான்.

"அக்கா, என்னாலை ஏலாது. கூரை மெதுவாக்கலாம். நிறத்தை நிறத்தோடை சேக்கலாம். ஆனா ஆளை ஆளோடை சேக்க இந்தக் கொம்பியூட்டராலை ஏலாது. நான் அண்டைக்கு ஆண்டவனை இழுத்துப் பெரிய கதை கதைச்சுப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மக்டலீன் அக்காவின் முகத்தில் கோபம் வரவில்லை. நெடுநேரம் நடந்து வந்து வாசலைக் கண்டவர் போல மூச்சு விட்டார்.

"அப்ப என்ன வழி, தம்பி?"

"ரெண்டு பேரும் ஒண்டா வந்து நிக்கோணும். வேறை வழியில்லை."

"அதை நான் சொன்னாக் கேளாங்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனன். நீர் சொல்லும். படம் பிடிக்கிறவர் சொன்னா, அது தொழில் விசயம்." சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "ரோசக்காரருக்குச் சமாதானம் எண்டு சொன்னா வரமாட்டாங்கள். ஓரம் எண்டு சொல்லும்."

கோகுலன் சொன்னான். கனிசியஸ், "படத்துக்காண்டி மட்டும்தான்," என்றார். றஜிந்தன், "படத்துக்காண்டி மட்டும்," என்றான். இருவரையும் ஒரே மாலை நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டு, உடையக்கூடிய சாமான்கள் எல்லாவற்றையும் தயாளினி உள் அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள். பிள்ளையாரையும் மாதாவையும் மட்டும் அப்படியே விட்டாள். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கலாம்.

கனிசியஸ் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து கதிரையில் இருத்தினார். றஜிந்தன் அக்காவின் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டான். பிறகு இருவரும் கதிரையின் பின்னால், ஒரே பக்கத்தில் போய் நின்றார்கள்.

வலப்பக்கத்தில்.

யாரும் அசையவில்லை. கனிசியஸின் மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. றஜிந்தன் சுவரைப் பார்த்தான். தயாளினி உள் அறைக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

கோகுலன் கமராவுக்குப் பின்னால் நின்று விழித்தான். அந்த நேரத்தில், றஜிந்தனை மறுபக்கம் திருப்பிக் கெட்டதெல்லாம் அவனுக்கு உதவிக்கு வந்தது.

"அண்ணை, உங்கடை வலம் வேறை, படத்தின்ரை வலம் வேறை," என்றான் பணிவாக. "ஒராள் கதிரைக்கு வலப்பக்கம் நிக்கலாம். மற்ற ஆள் மற்றப் பக்கம் நிண்டா, சுவரிலை மாட்டினபிறகு பாக்கிறவைக்கு அவர்தான் வலப்பக்கம். ரெண்டு பேரும் வலம்தான்."

இருவரும் யோசித்தார்கள். கையை நீட்டி, மடக்கி, திரும்பிப் பார்த்து யோசித்தார்கள்.

"அப்ப எனக்குக் கதிரைக்கு வலம்," என்றார் கனிசியஸ்.

"எனக்குப் படத்துக்கு வலம்," என்றான் றஜிந்தன், தான் வென்றுவிட்டவனைப் போல.

இரண்டு பேரும் வென்றுவிட்டதால் இடம் மாறுவதில் சிரமம் இருக்கவில்லை. ஆனால் நடுவில் இன்னும் ஒரு கூடு போகுமளவுக்கு இடைவெளி இருந்தது.

"கொஞ்சம் கிட்ட," என்றான் கோகுலன். "ஓரம் விழுந்தா அக்கா விடமாட்டா."

இருவரும் அரை அடி நகர்ந்தார்கள்.

அப்போது கனிசியஸின் கண் றஜிந்தனின் கழுத்தடியில் போய் நின்றது. ஒரு பக்கக் கொலர் உள்ளே மடிந்து கிடந்தது. கனிசியஸ் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. கையை நீட்டிக் கொலரை வெளியே இழுத்து, தட்டிச் சமப்படுத்தினார்.

"ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். இன்னும் சேட்டுப் போடத் தெரியாது."

"நீ எங்கை என்னைப் போட விட்டனி? சின்னனிலையிருந்து நீதானே இழுத்துவிடுறனி."

கொலரில் போட்ட கை தோளுக்கு இறங்கி அங்கேயே நின்றது.

"அண்டைக்கு ஏன் ஓடி வந்தனி?" என்று கனிசியஸ் மெதுவாகக் கேட்டார்.

"செத்த வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க."

கனிசியஸ் சிரித்தார். கதிரை அதிர்ந்தது. மக்டலீன் அக்கா கமராவின் பக்கம் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, கண் சிமிட்டாமல், சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. கோகுலன் பொத்தானை அழுத்தினான்.

திருவிழாவுக்கு முதல் நாள் படம் சட்டத்துக்குள் தயாராக இருந்தது. மக்டலீன் அக்காவின் மடியில் வைத்துவிட்டுக் கோகுலன் பேசாமல் நின்றான். மக்டலீன் அக்கா காத்திருந்தார்.

"என்ன தம்பி, இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"சொல்ல ஒண்டும் இல்லை, அக்கா."

"ஓரம்?"

"ஓரமே இல்லை."

"என்ன செய்தனீர்?"

"ஒண்டும் செய்யேல்லை. பிடிச்சபடியே விட்டிட்டன்."

மக்டலீன் அக்கா கண்ணாடியின்மேல் கையை வைத்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெதுவாகக் கொண்டுபோனார்.

"அப்ப எனக்கும் ஒரு குறையும் இல்லை," என்றார். "நாளைக்கு ரெண்டு பேரும் கூடு காவப் போறாங்கள். முன்னுக்கு வலப்பக்கத் தண்டை அந்தோனியார் சந்தி வரைக்கும் ஒருத்தன், பிறகு மற்றவன். நீர் தயாளினியையும் கூட்டிக்கொண்டு கூழ் குடிக்க வாரும்."

அருட்பிரகாசம் உள்ளே வந்தார். "படி, அக்கா" என்று முழங்கையைப் பிடித்து இறக்கினார். கோகுலன் படத்தைக் கொண்டுபோய் ஓட்டோவுக்குள் பத்திரமாக வைத்தான். அக்காவின் குடை மேசையிலேயே இருந்தது. அதை எடுக்க அருட்பிரகாசம் மறுபடியும் கடைக்குள் வந்தார்.

கோகுலனுக்கு மனம் நிறைந்திருந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது.

"அண்ணை, எத்தினையோ பேருக்குப் படம் செய்து குடுத்திட்டன். எங்கை ஓரம் பிசகினாலும் இவ பிடிச்சுப்போடுவா. இந்த அக்காவின்ரை கண்ணைப் போல ஒரு கண்ணை நான் இன்னும் காணேல்லை."

குடையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு அருட்பிரகாசம் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"எந்தக் கண்ணைச் சொல்லுறீர், தம்பி? சீனி வருத்தத்திலை அவவின்ரை ரெண்டு கண்ணும் போய்க் கனகாலம். நீர் உம்மடை வாயாலை சொல்லுற குறையைத்தானே அவ ஒவ்வொருமுறையும் உமக்கே திருப்பிச் சொன்னவ!"